இருபத்திரண்டாம் எண்

விடியலுக்கு முந்தைய டண்டீ
ஈரத்துணிபோல் முகத்தில் அறைகிறது.
டே ஆற்றிலிருந்து ஏறிவந்த மூடுபனி
விளக்குக் கம்பங்களின் தலையைத் தின்றுவிட்டது.
ஓடுகிறேன்.
ஐம்பத்து மூன்று வயது, எண்பத்தொரு கிலோ,
பத்தொன்பது வருடம் உட்கார்ந்தே சம்பாதித்த இடுப்பு.

மைல் கணக்கு எனக்குப் பிடிபடாது.
நிறுத்தங்கள்தான் தெரியும்.
பணிமனையிலிருந்து ரொட்டிக்கடை ஒன்பது நிறுத்தம்,
மூச்சு முதலில் அறுந்து விழும் இடம்.
அங்கிருந்து மருத்துவமனை வரை ஏற்றம்.
ஒரு கையில் ஸ்டியரிங், மறு கையில் தேநீருமாக
ஆயிரம் தடவை கடந்த சாலை.
அது மலை என்று
கால்கள் வந்து சொல்லவேண்டியிருந்தது.

ரோனா என் வண்டியில்தான் போய்வருகிறாள்.
புதன்கிழமை, எட்டு நாற்பது.
என் முன்னாள் கணவன் டூகலின்
இந்நாள் மனைவி.
பதினோரு வருடம் ஒரு சொல் பேசியதில்லை.
கடையில் அவள் தயிர் வரிசையில் நின்றால்
நான் பூனைத்தீனி வரிசைக்குப் போய்விடுவேன்.
எனக்குப் பூனை கிடையாது.

முதல் வாரம் அட்டையைக் காட்டினாள்
யாரோ ஒரு பயணிபோல.
யாரோ ஒரு ஓட்டுநர்போலத் தலையசைத்தேன்.
நான்காம் வாரம் கம்பளித் தொப்பி.
ஆறாம் வாரம்
படியைப் பார்த்தபடி நின்றுவிட்டாள்,
ராத்திரியோடு ராத்திரியாக
அங்கே யாரோ சுவர் எழுப்பிவிட்டதுபோல.

என் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பொத்தான் உண்டு.
அழுத்தினால் காற்று சீறி இறங்கும்,
பன்னிரண்டு டன் வண்டி
நடைபாதைப் பக்கமாக மண்டியிடும்.
அவள் கேட்கவில்லை.
அழுத்தினேன்.
பின்னிருக்கையில் ஒருவன் கடிகாரம் பார்த்தான்.
கண்ணாடியில் நான் அவனைப் பார்த்தேன்.
அதற்கப்புறம் அவன் பார்க்கவில்லை.

பேருந்துப் படிகூட ஏற முடியாதவர்களை
வீட்டு வாசலிலிருந்து சிகிச்சைக்கு அழைத்துவர
ஒரு வேன் வாங்கப் பணம் சேர்க்கிறார்கள்.
கையெழுத்துத் தாளைத்
தகர உண்டியலுக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தேன்.
மெக்கானிக் டடேயுஷ், மைலுக்கு ஐம்பது பென்ஸ்.
மேற்பார்வையாளர் ஃபார்க்கர், மொத்தமாக இருபது பவுண்ட்,
"ஆம்புலன்ஸ் செலவு தனி" என்ற குறிப்புடன்.
அதற்கும் கீழே
மரத்துப்போன விரல்கள் இழுத்த கோணல் எழுத்து:
ரோனா. மைலுக்கு இரண்டு பவுண்ட்.
நின்றால் ஒன்றும் கிடையாது.

அந்த ராத்திரி
உறைந்த பட்டாணிப் பொட்டலங்களை
இரண்டு முழங்காலிலும் வைத்துக்கொண்டு
அந்தக் கடைசி வரியை மட்டும்
திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன்.
அது மிரட்டலா, வேண்டுதலா?
அவளுக்கே சொல்லிக்கொண்டதா?
பட்டாணி உருகி மடியெல்லாம் தண்ணீர்.

கால்விரல் நகங்கள் இரண்டு கறுத்து விழுந்தன.
சாக்ஸைக் கழற்றும்போதுதான் தெரிந்தது.
"ஏன் இதெல்லாம்?" என்று டூகல் போன் செய்தான்.
"வேனுக்கு" என்றேன்.
சற்று நேரம் இருவரும்
கோட்டின் இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

நேற்று ஞாயிறு, பதினெட்டு மைல்.
மருத்துவமனை நிறுத்தத்துக்கு வரும்போது
இடது முழங்கால் தன்பாட்டுக்கு மடங்கிவிட்டது.
நிழற்குடைக் கம்பியைப் பிடித்துத் தொங்கினேன்.
மூடுபனியைக் கிழித்துக்கொண்டு
என் இருபத்திரண்டே வந்து நின்றது.
ஓட்டியது ஷோனா.
கதவைத் திறந்தாள்.
என்னைப் பார்த்தாள், என் காலைப் பார்த்தாள்.
ஒன்றும் பேசாமல் பொத்தானை அழுத்தினாள்.

சீறல்.
வெளியே நின்று அதைக் கேட்டது அதுதான் முதல்முறை.
வண்டி எனக்கு முன்னால் மண்டியிட்டது.
உள்ளே வெதுவெதுப்பு,
மூன்றாவது வரிசை ஜன்னலோரம் காலி.

தலையை ஆட்டினேன்.
அவள் ஒரு நிமிடம் காத்திருந்தாள்,
கால அட்டவணையில் இல்லாத நிமிடம்.
பிறகு வண்டி எழுந்துகொண்டது.
நானும்.

இரண்டு நிறுத்தம் நடந்துதான் போனேன்.
அப்புறம் மறுபடி ஓட்டம், நொண்டியபடி.
நடந்தது, நின்றதில் சேருமா சேராதா?
புதன்கிழமை எட்டு நாற்பதுக்கு
அவளிடமே கேட்கவேண்டும்.